கேட்காமல் திருத்தும் கீபோர்டு!
செல்போனில் மருந்து, மாத்திரை விஷயம் எழுதுகிறவர்கள் கவனத்துக்கு...

மாமனாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் விட்டுவிட்டது. குடும்ப டாக்டருக்குத் தகவல் சொல்ல மருமகள் செல்போனை எடுக்கிறார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதானே நம்மில் பலருக்கு வழக்கம்? ‘மாமாவுக்கு ஃபீவர் இல்ல’ என்று அடித்து, அடுப்பில் பொங்கும் பாலைப் பார்த்துக்கொண்டே அனுப்பியும் விடுகிறார். டாக்டருக்குப் போய்ச் சேர்ந்ததில் ‘இல்ல’வின் கடைசி எழுத்தைக் காணோம். மிச்சமிருப்பது ‘இல்’. ஆங்கிலத்தில் அதற்கு ‘உடம்பு சரியில்லை’ என்று அர்த்தம்!

கற்பனைதான். ஆனால், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கற்பனை. சினேகிதிக்கு அனுப்புகிற மெசேஜில் இப்படி ஆனால் சிரித்துவிட்டுப் போகலாம். மாத்திரை விஷயத்தில் ஆனால்?

‘அதுக்காக கீபோர்டையே தூக்கிப் போட்டுட முடியுமா?’ என்கிறீர்களா? வேண்டாம். அதில் எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தால் போதும்.

மூன்று பேர், மூன்று வேலை

செல்போன் கீபோர்டுக்குள் மூன்று உதவியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரையும் ஒருவர் என்று நினைத்துக்கொள்வதால்தான் குழப்பமே.

முதலாமவர் ‘ஆட்டோ கரெக்‌ஷன்’. நீங்கள் ஒரு சொல்லை முடித்து ஸ்பேஸ் தட்டியதும், அது தப்பு என்று தானே தீர்மானித்து, தானே மாற்றிவிடுவார். உங்களைக் கேட்கமாட்டார்.

இரண்டாமவர் ‘பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்’. கீபோர்டுக்கு மேலே ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களை நீட்டிக்கொண்டே இருப்பார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால், அவசரத்தில் விரல் அங்கே பட்டால் போச்சு!

மூன்றாமவர் ‘ஸ்பெல் செக்’. சந்தேகமான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடுவார். அவ்வளவுதான். கைவைக்கமாட்டார். மூவரில் பரம சாது இவர்தான்.

இவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பட்டன் போன் காலத்தில் விரலுக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்படும். 2007-ல் ஐபோன் வந்த பிறகு பட்டன் போய், வழவழ கண்ணாடி வந்தது. சின்னச் சின்ன எழுத்துகள். நம் விரலோ பெரிசு. ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது. அதனால் கீபோர்டு ஊகிக்கிறது. விரல் பட்ட இடத்துக்கு அருகில் என்னென்ன எழுத்துகள், தன் அகராதியில் இருக்கும் எந்தச் சொல் இதற்குக் கிட்டத்தில் வருகிறது, அதில் எது அடிக்கடி புழங்குவது, நீங்கள் இதற்கு முன் என்ன எழுதியிருக்கிறீர்கள்... இத்தனையையும் கண் மூடித் திறப்பதற்குள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது.

சிக்கல் இங்கேதான். அதற்கு அர்த்தம் முக்கியமில்லை, வழக்கம்தான் முக்கியம். அகராதியில் இல்லாத சொல்லைப் பார்த்தால், தெரிந்த சொல்லுக்கு இழுக்கப் பார்க்கும். ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் மட்டுமல்ல, மருந்துப் பெயர்களும் பெரும்பாலும் அந்த ‘தெரியாத சொல்’ கூட்டத்தில்தான் சேர்த்தி.

மருந்துப் பெயர் என்றால் கூடுதல் கவனம்

கீபோர்டு கைவைக்காமலேயே மருந்துப் பெயர்களில் குழப்பம் உண்டு. ‘ஹைட்ராக்சிசின்’ அரிப்புக்கும் அலர்ஜிக்கும் கொடுப்பது. ‘ஹைட்ரலசின்’ ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் அக்கா தங்கை போலவே இருக்கும். இந்த மாதிரி ஜோடிகளில் தப்பு நேராமலிருக்க, வேறுபடுகிற எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2001-ல் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. மருந்து தொடர்பான தவறுகளைக் குறைப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஒரு உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. படித்த நர்ஸும் மருந்தாளுநரும் இருக்கிற இடத்திலேயே இவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படுகிறது. அடுப்படியில் நின்றபடி மெசேஜ் தட்டுகிற நமக்கு எவ்வளவு தேவை!

சுருக்கெழுத்துகளும் ஆபத்துதான். டாக்டர் சீட்டில் ‘ஓ.டி.’ என்றால் தினம் ஒரு வேளை, ‘பி.டி.’ என்றால் இரு வேளை. இதையே புள்ளியில்லாமல் சின்ன எழுத்தில் தட்டினால், ஏதோ இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தப்பாக அடித்துவிட்டீர்கள் என்று கீபோர்டு நினைக்கலாம். படிக்கிறவருக்கு வேளைக் கணக்கே கிடைக்காது.

‘நான் தமிழ்லயே டைப் பண்றேன், எனக்கென்ன?’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருகிற கீபோர்டில் வலி, வழி, வளி மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். கால் வலியைச் சொல்ல வந்து கல் வலியை அனுப்பினால், டாக்டர் சிறுநீரகக் கல்லைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்!

விஞ்ஞானிகளையே ஏமாற்றியது

இது படிக்காதவர்களுக்கு வரும் தொல்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. நம் உடம்பில் இருக்கும் மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சிலவற்றுக்கு ‘செப்ட்-1’, ‘மார்ச்-1’ என்கிற மாதிரி பெயர். கம்ப்யூட்டரில் எக்செல் அட்டவணையில் இதை அடித்தால், ‘ஓ, செப்டம்பர் ஒண்ணாம் தேதியா!’ என்று அது தேதியாக மாற்றிவிடும்.

2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரி தப்பு இருந்தது. கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? மனிதர்கள்தான் இறங்கிவந்தார்கள். மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-ல் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ‘செப்ட்-1’ என்பது ‘செப்டின்-1’ ஆனது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் கொடுத்தது.

நம் செல்போனில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. பலரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

வேகம் குறையுமா?

நியாயமான கேள்வி. 2019-ல் பின்லாந்து, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து சுமார் 37,000 பேர் செல்போனில் டைப் செய்வதைக் கவனித்தார்கள். ஆட்டோ கரெக்‌ஷன் வைத்திருந்தவர்கள் வேகமாக அடித்தார்கள். அது நிஜம். ஆனால், மேல் வரியில் வரும் சொற்களைப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு வேகம் கூடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணை மேலே தூக்கி, மூன்றைப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரம் ஆகிறதே!

ஆக, இரண்டையும் நிறுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறும். அவசர அவசரமாக நூறு மெசேஜ் தட்டுகிற கல்லூரிப் பையனுக்கு அது தொந்தரவாக இருக்கலாம். ஆனால், வயதான பெற்றோரின் மருந்து விஷயம் எழுதுகிற கைக்கு வேகத்தைவிட நிதானம் லாபம்.

எப்படி நிறுத்துவது?

போனுக்குப் போன், மாடலுக்கு மாடல் பெயர்கள் கொஞ்சம் மாறும். பொதுவான வழி இது.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு: எழுதும் இடத்தைத் தொட்டு கீபோர்டை வரவழையுங்கள். அதன் மேல் வரியிலோ, இடது மூலையில் உள்ள நான்கு கட்டப் படத்துக்குள்ளோ பல்சக்கர அடையாளம் இருக்கும். அதுதான் செட்டிங்ஸ். உள்ளே ‘டெக்ஸ்ட் கரெக்‌ஷன்’ அல்லது ‘கரெக்‌ஷன்ஸ் அண்ட் சஜஷன்ஸ்’ என்று பார்ப்பீர்கள். அதில் ‘ஆட்டோ கரெக்‌ஷன்’ பொத்தானை அணையுங்கள். மேல் வரிச் சொற்களும் வேண்டாமென்றால் ‘சஜஷன்’ என்று வருகிறவற்றையும் அணைக்கலாம். ‘ஸ்பெல் செக்’கை மட்டும் விட்டுவையுங்கள்.

சாம்சங் கீபோர்டு: இங்கேயும் அதே பல்சக்கரம். ‘பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்’ என்பது மேல் வரிக்கு. ‘ஆட்டோ ரீப்ளேஸ்’ என்பது தானாக மாற்றுவதற்கு. பின்னதில் மொழிவாரியாகப் பொத்தான் இருந்தால், ஆங்கிலத்துக்கு எதிரே உள்ளதை அணையுங்கள்.

ஐபோன்: செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று உள்ளே போங்கள். ‘ஆட்டோ கரெக்‌ஷன்’, ‘பிரெடிக்டிவ்’ இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள். 2023-ல் வந்த ஐஓஎஸ் 17 முதல், நீங்கள் எழுதும் வரியிலேயே சாம்பல் நிறத்தில் மீதிச் சொல் தோன்றும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதற்கும் அங்கேயே பொத்தான் உண்டு.

தமிழாக மாற்றித் தரும் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேல் வரியை அணைக்க வேண்டாம். சரியான ல, ள, ழ-வை அங்கிருந்துதானே எடுக்க வேண்டும்!

முழுசாக நிறுத்த மனசு வரவில்லையா? வீட்டில் தினமும் புழங்குகிற பத்து மருந்துப் பெயர்களைக் கீபோர்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஜிபோர்டில் ‘பர்சனல் டிக்‌ஷனரி’, ஐபோனில் ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற இடத்தில் அதைச் சேர்க்கலாம். மருந்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சேருங்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தப்பையே அது வாழ்நாள் பூராவும் நீட்டும்.

யார் நிறுத்த வேண்டாம்?

கை நடுக்கம் உள்ளவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள், எழுத்துக் கூட்டுவதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா குழந்தைகள்... இவர்களுக்கு இந்த வசதி நிஜமாகவே ஊன்றுகோல். தட்ட வேண்டிய எழுத்துகள் குறையும். நரம்பு நோயால் உடல் முடங்கிய விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் பேசிப் பழகியதும் இப்படிச் சொல்லை ஊகித்துத் தரும் கருவியின் உதவியால்தான். 2014-ல் இன்டெல் நிறுவனம் அவருக்குத் தந்த புதிய அமைப்பில் செல்போன் கீபோர்டான ஸ்விஃப்ட்கீயின் தொழில்நுட்பம் இருந்தது. எனவே ‘இதெல்லாம் எதுக்கு தாத்தா’ என்று பெரியவர் போனில் நீங்களாகப் போய் அணைத்துவிடாதீர்கள். அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மறக்கக் கூடாத இன்னொன்று

கீபோர்டு நீங்கள் எழுதுவதைக் கற்றுக்கொள்கிறது என்று பார்த்தோம். நோயின் பெயர், மாத்திரையின் பெயர் எல்லாம் அதில் அடக்கம். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ‘ஒரு மெசேஜ் அனுப்பிக்கிறேன்’ என்று உங்கள் போனை வாங்கும்போது, மேல் வரியில் அந்தச் சொல் எட்டிப் பார்க்கலாம். மனநல சிகிச்சையோ, கர்ப்பமோ, நீங்களாகச் சொல்ல விரும்பாத எதுவாகவும் இருக்கலாம். ஜிபோர்டு செட்டிங்ஸில் ‘கற்ற சொற்களை அழி’ என்ற பொருளில் ஒரு வசதி இருக்கிறது. சாம்சங்கிலும் அப்படியே. ஐபோனில் ‘ரீசெட்’ பகுதிக்குள் ‘ரீசெட் கீபோர்டு டிக்‌ஷனரி’ என்று தேடுங்கள். போனை விற்கும்போதோ பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதோ கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது.

மருந்து மெசேஜ்: ஆறு கட்டளைகள்

1. மருந்துப் பெயரை டைப் செய்வதைவிட அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதி தேதி மூன்றும் தெரியட்டும்.

2. சுருக்கெழுத்து வேண்டாம். ‘காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்’ என்று விரித்து எழுதுங்கள்.

3. அரை மில்லிகிராமை எண்ணில் எழுதினால் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடுங்கள்: 0.5. வெறும் புள்ளி கண்ணில் படாமல் போனால் அது ஐந்தாகிவிடும்.

4. ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘நிறுத்தவும்’ என்ற சொற்கள் வரும் மெசேஜை அனுப்புமுன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் தப்பாகப் போய்விட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். 2023-ல் வந்த வசதி. ஆனால், எதிராளி ஏற்கெனவே படித்திருக்கலாம். திருத்தியது அவருக்குத் தெரியாமலும் போகலாம். போன் போட்டுச் சொல்லிவிடுவதே உத்தமம்.

6. மெசேஜில் வந்த மருந்துப் பெயரை மட்டும் நம்பி கடையில் வாங்காதீர்கள். டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். பெயரோ அளவோ துளி சந்தேகம் என்றாலும், வாயில் போடுமுன் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

இரண்டு நிமிட வேலைதான். இன்று ராத்திரி டி.வி. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வரும்போது உங்கள் போனில் அந்தப் பல்சக்கரத்தைத் தேடிப் பாருங்களேன். கிடைக்கவில்லையா? வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கூப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்து தரும்!