கொறங்காட்டில் மீண்டும் கொழுக்கட்டைப் புல்



காட்கோபரில் ஒரு ஃபிளாட், ஊரில் கொஞ்சம் மானாவாரிக் காடு என்று வாழும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. காங்கயம் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி கட்டி, உள்ளே புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விடும் நிலம் அது. காங்கயம் காளைகளை வளர்த்தவை இத்தகைய காடுகளே. நான் ரயில்வேயில் இருந்த காலத்தில் எங்கள் காடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஓய்வு பெற்ற வருடம், "புல்லில்லாமெ மாட்டை எப்படிண்ணா வெச்சிருக்கறது? ரெண்டையும் வித்துரலாம்" என்றான் தம்பி.

அந்த மண்ணின் சொந்தப் புல் கொழுக்கட்டைப் புல். வடக்கே அஞ்சன் என்பார்கள். ஒரு முறை வேர்பிடித்தால் பல வருடம் நிற்கும். கோடையில் மேலே காய்ந்து கிடந்தாலும், மழை விழுந்ததும் தூரிலிருந்து துளிர்க்கும்.

முதல் முறை ஏமாந்தேன். புதிதாய் உருவிய விதையை உடனே சோளம் போல் விதைத்து உழுது மூடினேன். ஒன்றும் வரவில்லை. பெரியம்மா சிரித்தார்: "ஏங்கண்ணு, இந்த வருசத்து வெதைய இந்த வருசமே போட்டா மொளைக்குமா?"

புது விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் சாக்கில் உலர்வாக இருந்தால்தான் நன்றாக முளைக்கும். அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் அந்தச் சின்ன முளையால் மேலே வர இயலாது. விதையைச் சுற்றியுள்ள சுணை ஒன்றோடொன்று ஒட்டும், காற்றிலும் பறக்கும். ஆகவே ஈர மணலில் பிசறித் தூவி, முள்மிளாறை மேலே இழுத்தால் போதும். ஏக்கருக்கு மூன்று கிலோ வரை பிடிக்கும்.

அடுத்த முறை நூறு விதையை இங்கே பால்கனித் தட்டில் முளைக்க வைத்துப் பார்த்தேன். (சோதிக்காமல் கான்கிரீட்டையே நம்பாதவன் நான்!) பாதிக்கும் குறைவாகவே முளைத்தது, அதற்கேற்பக் கூட்டிப் போட்டோம். புரட்டாசியில் நல்ல மழைக்குப் பின் தூவினோம். முதல் வருடம் மாட்டை உள்ளே விடக் கூடாது. இளம்புல் வேரோடு வந்துவிடும். தம்பிக்கு அதுதான் பாரம், தட்டு விலைக்கு வாங்கினான்.

இதன் நெருங்கிய இனமான கோ 1 நீலக் கொழுக்கட்டை, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். ஒரு எச்சரிக்கை: ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் கொழுக்கட்டைப் புல் களையாகப் பரவி, காய்ந்து, காட்டுத் தீயை வளர்க்கிறது. அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு விதை அனுப்பிவிடாதீர்கள்.

இந்தத் தையில் இரண்டு பசுக்களை உள்ளே விட்டிருக்கிறான் தம்பி. கிழக்கு ஓரம் இன்னும் மொட்டைதான். அதற்கான விதை சாக்கில் இருக்கிறது.