சாவியை அப்புறம் போடலாம்

புதூரில் ஒரு வீட்டுத் தொழுவத்தில் அம்பாசிடர் கார் ஒன்று பதினோரு வருஷமாக நின்றது. மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேலே வத்தல் சாக்கு, பின்சீட்டில் பூனை குட்டி போட்ட தடம். பெரியவர் காலமான பிறகு அதை எடுத்து ஓட்ட ஆளில்லை. பொங்கலுக்கு வந்த பேரன் புது பேட்டரியோடு வந்திறங்கி, மாட்டிய கையோடு சாவியைப் போடப் போனான். விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி தடுத்துவிட்டார். “தம்பி, சாவி கடைசி வேலை. இப்ப அதைச் சட்டைப்பையில போடுங்க.”

வண்டி 1978 மாடல், மார்க் 3. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியாகக் கொண்டு, கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அதே குண்டுக் கார். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017இல் பெயரை மட்டும் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நம்மூரில் அந்தப் பெயருக்கு அப்படி விலை வைத்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் குறைச்சல் என்பார்கள்.

ஓடித் தேய்வது எல்லோருக்கும் தெரியும். நின்றே கெடுவதுதான் பலருக்குப் புரிவதில்லை. எஞ்சினை அணைத்ததும் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் மெல்லக் கீழே வழிந்துவிடுகிறது. வார்ப்பிரும்புச் சுவர் வெறுமையாக நிற்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். அந்த வழியே ஐப்பசிக் காற்றின் ஈரம் உள்ளே இறங்கி, பிஸ்டன் ரிங் சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிசாகத் துரு கட்டும். இந்த நிலையில் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் முரட்டுத்தனமாக இழுக்கும். ரிங் உடையலாம், சுவரில் கோடு விழலாம். ஒரு நொடி ஆசைக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

அண்ணாச்சி நாலு பிளக்கையும் கழற்றினார். டீசலும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஊற்றி, மேலே துணியைத் திணித்தார். ரெண்டு ராத்திரி ஊற வேண்டும்.

அந்த இடைவேளையில் மற்ற வேலைகள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் பருத்திப் பஞ்சும் கடலைத் தோலுமாக எலி ஒரு முழு வீடே கட்டியிருந்தது. சைலன்சர் வாயில் குளவிக்கூடு. ஹெட்லைட் வயரை எலி கடித்து, செம்பு வெளியே தெரிந்தது; அப்படியே கரண்டு கொடுத்திருந்தால் தொழுவமும் சேர்ந்து எரிந்திருக்கும்.

சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்தபோது கரிசல் தன் குணத்தைக் காட்டியது. இந்த மண்ணில் இருக்கும் களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஜாக்கி ஏற ஏற வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் கீழே போனது. கடைசியில் பனங்கட்டை ரெண்டை அடியில் போட்டுத் தூக்கினோம். தூத்துக்குடிக் கடற்காற்றில் நின்றிருந்தால் அடித்தகடே மிஞ்சியிருக்காது. இங்கே தகடு நன்றாகவே இருந்தது. துருப்பிடித்தது மட்கார்டுக்குள் அப்பிக் கிடந்த கரிசல் மண்ணை ஒட்டிய இடம் மட்டும். அந்த மண் லேசில் ஈரத்தை விடாது.

டயர் பார்க்க நன்றாக இருந்தது. ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2311 என்றால் 2011ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும். மாற்றியே ஆக வேண்டும்.

டேங்கில் இருந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. எளிதில் ஆவியாகும் பங்கு போய்விட, மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகி, பழைய பெயின்ட் வாடை அடித்தது. கார்ப்பரேட்டரின் ஜெட் ஊசித்துளை அளவுதான். அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும். இன்னொன்றும் உண்டு. பெரியவர் வண்டியை வாங்கிய காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து அது இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே ஓஸ் எல்லாம் புதிது.

மூன்றாம் நாள் காலை அண்ணாச்சி, முன்பக்க பம்பர் ஓட்டை வழியே எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைச் செருகி, நெம்பாமல், இப்படியும் அப்படியும் அசைத்தார். முதலில் ஒரு விரல் அளவு. அப்புறம் கால் சுற்று. திடீரென்று ‘லொடக்’ என்று முழுச் சுற்று வந்தது. பேரன் கைதட்டினான். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பாயிண்ட் பச்சை பூத்திருந்தது. எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை பதினைந்து தௌவுக்கு வைத்தார். அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அந்த இடைவெளி சரியில்லாவிட்டால் பிளக்கில் பொறி ஒழுங்காக வராது.

பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, பிளக் இல்லாமலே மோட்டாரை விட்டுவிட்டுச் சுற்றவிட்டார். பளு இல்லாமல் சுற்றினால் பேரிங்குக்கெல்லாம் முதலில் ஆயில் போய்ச் சேரும். டேஷ்போர்டில் ஆயில் அழுத்தம் தெரிந்த பிறகே பிளக்கைப் பூட்டினார். டேங்கை நம்பாமல், பானெட்டில் ஒரு பாட்டிலைக் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி தலைகீழாகத் தொங்கவிட்டு, அதிலிருந்து கார்ப்பரேட்டருக்கு நல்ல பெட்ரோல். பக்கத்தில் ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு.

“இப்ப போடுங்க தம்பி.”

நாலாவது முயற்சியில் பிடித்தது. ஊற்றிய டீசலும் ஆயிலும் எரிந்து தொழுவம் முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் தெருவுக்கு ஓடின. கொஞ்ச நேரத்தில் புகை தெளிந்து, அம்பாசிடருக்கே உரிய அந்த உறுமல் நிலைபட்டது.

பேரன் உடனே விளாத்திகுளம் வரை போய்வரலாமா என்றான். அண்ணாச்சி பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொன்னார். கால் தரை வரை போனது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. புதிதாக இருக்கையில் டாட் 3 வகை குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். அதே ஈரம்தான் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து அரித்திருந்தது. நாலு சக்கரத்துக்கும் கிட் வாங்க வேண்டும். கையோடு பதிவுப் புத்தகத்தையும் பார்த்தோம்: காலாவதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, உருவம் மாற்றாத கார்களுக்கு 2021 விதிப்படி ‘விஏ’ எழுத்து சேர்ந்த விண்டேஜ் எண் உண்டு. ஆனால் அதில் அன்றாடம் ஓட்ட முடியாது. இந்த வண்டிக்குச் சாதாரணப் புதுப்பிப்பே போதும் என்று முடிவாயிற்று.

அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். மதுரையிலிருந்து கிட் வர நாலு நாளாகும் என்று சொல்லி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.