சலூனுக்குப் போன் போடும்போது ‘சம்’மா, ‘எனி’யா?

சாதாரண வாக்கியத்தில் ‘சம்’, கேள்வியிலும் மறுப்பிலும் ‘எனி’ என்றுதான் பள்ளியில் படித்தோம். லண்டனில் ஒரு சலூனுக்குப் போன் செய்து நேரம் கேட்கும் தமிழருக்கு அந்த விதி பாதி தூரம்தான் உதவும். ‘டூ யூ ஹேவ் எனிதிங் ஆன் சாட்டர்டே?’ என்பது விதிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ‘குட் சம்வன் டூ மை கலர் அட் ஃபோர்?’ என்பதும் கேள்விதான். அதில் ‘சம்’ வருகிறது. ‘எனிவன் இஸ் ஃபைன்’ கேள்வியும் இல்லை, மறுப்பும் இல்லை. அதில் ‘எனி’ வருகிறது. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1969-இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை, அப்படியொரு விதி ஏன் இருக்க முடியாது என்பதற்கான காரணங்களையே தலைப்பாகக் கொண்டது. பேசுபவரின் எதிர்பார்ப்புதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ‘சரி’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டால் ‘சம்’; பதில் எப்படி வந்தாலும் சரி என்றால் ‘எனி’.

நமக்குத் தடுமாற்றம் வருவதில் வியப்பில்லை. ‘யாராவது இருக்காங்களா?’, ‘யாராவது வெட்டினா போதும்’ என்று தமிழில் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி முடியாது. சுருட்டை முடி வெட்டத் தெரிந்தவர் வேண்டுமென்றால் ‘சம்வன் ஹூ டஸ் கர்லி ஹேர்’ என்று கேட்க வேண்டும். ‘எனிவன்’ என்றால் அந்த நேரத்தில் கை ஓய்ந்திருப்பவரிடம் உங்களை ஒப்படைப்பார்கள்.

தப்பாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியுமே, எதற்கு இவ்வளவு கவலை என்று கேட்கலாம். நேரம் கேட்கும் வரை அது நியாயமான வாதம்தான். ‘டூ யூ ஹேவ் சம்திங் ஆன் சாட்டர்டே?’ என்றாலும் பிழையில்லை. இடம் இருக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். யார் வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்ற விஷயத்தில்தான் அந்த வாதம் எடுபடாது. வரவேற்பில் இருப்பவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். ‘ஐ டோன்ட் வான்ட் எனிதிங் டன் டு மை ஃப்ரிஞ்ச்’ என்றால் நெற்றி முடியில் கையே வைக்கக் கூடாது. ‘ஐ டோன்ட் வான்ட் எவ்ரிதிங் கட் ஷார்ட்’ என்றால் எல்லாவற்றையும் குட்டையாக்க வேண்டாம் என்றுதான் பொருள். சில இடங்களில் குட்டையாக வெட்ட அது அனுமதி தந்துவிடுகிறது. நம் ‘எதையும்’, ‘எல்லாவற்றையும்’ இரண்டுக்கும் உள்ள அதே வேறுபாடு இது. அதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ‘நத்திங் டூ ஷார்ட், ப்ளீஸ்’ என்று சொல்ல இரண்டு நொடி போதும்.