கணக்கு சார்: ஓர் ஆசிரியர், ஒரு தகப்பனார்



வரி, விலைவாசி, உரிமம் என்று நம் இதழில் எவ்வளவோ எழுதுகிறோம். நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றி எழுதுவது குறைவு. எனக்குப் பேரேடு எழுதக் கற்றுத்தந்த ஆசிரியர் 2023ஆம் ஆண்டு தமது 79ஆவது வயதில் காலமானார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரை இங்கே எழுதவில்லை. விருதுநகர் பஜாரில் ‘கணக்கு சார்’ என்றாலே என் வயதுக்காரர்களுக்குப் போதும்.

பேட்டையில் நடந்த பாடம்

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. “கடைக்குத்தானே வரப்போகிறாய், கணக்குப் படி” என்று என் தகப்பனார் அதில் சேர்த்துவிட்டார். மற்றப் பிரிவு மாணவர்களுக்கு எங்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்தான். சார் பகுதி நேர ஆசிரியர். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே மாலையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதினார்.

அதுவே எங்களுக்கு நன்மையாயிற்று. “பெறுபவர் பற்று, தருபவர் வரவு” என்று புத்தகத்தில் இருப்பதைப் பலகையில் எழுதிவிட்டு, சனிக்கிழமை எங்களைப் பேட்டைக்கு அழைத்துப் போவார். ஒரு மூடை வத்தலைக் காட்டி, “இதன் அடக்க விலை என்ன?” என்பார். நாங்கள் வாங்கின விலையைச் சொல்வோம். “சாக்குக் கழிவு எங்கே? தரகு எங்கே? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எங்கே?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியில் நாங்கள் சொன்ன விலைக்கு விற்றால் நட்டம் என்று எங்கள் வாயாலேயே வரவழைத்துவிடுவார்.

பதினோரு இரவுகள்

1986இல் தகப்பனார் தவறிப்போக, 24 வயதில் கடை என் கைக்கு வந்தது. மல்லி, வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். விற்பனை குறையவில்லை. ஆனால் 1988 பிப்ரவரியில் கொள்முதலுக்குப் பணம் இல்லை. கடையை மூடிவிட்டு வேறு ஏதாவது பிழைப்புப் பார்க்கலாம் என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டேன். செய்தி சாருக்கு எட்டியது. அழைக்காமலே வந்து, “தம்பி, சிட்டை, பேரேடு எல்லாவற்றையும் எடு” என்றார்.

மார்ச் மாதத்தில் பதினோரு இரவுகள், மற்றக் கடை வேலைகளை முடித்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் வந்து உட்கார்ந்தார். இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஒன்று, வீட்டுக்கும் உறவினருக்கும் எடுத்துப்போன சரக்கை நான் எழுதவே இல்லை. “முதலாளி எடுத்தாலும் அது எடுப்புத்தான். எழுதாவிட்டால் உன் கடையில் நீயே திருடுகிறாய் என்று அர்த்தம்” என்றார்.

இரண்டாவது, கடன் பாக்கி. சில்லறைக் கடைக்காரர்களிடம் ஆறு மாதத்துக்கு மேல் நின்ற தொகை மட்டும் 62,000 ரூபாய். சார் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். மொத்த வியாபாரத்தில் என் லாபம் நூற்றுக்கு இரண்டு. அதாவது 1,240 ரூபாய். நான் வெளியில் வாங்கிய பணத்துக்கு மாத வட்டியும் நூற்றுக்கு இரண்டு. அதுவும் 1,240 ரூபாய். “முதல் மாதத்திலேயே லாபம் முழுதும் வட்டிக்குப் போயிற்று. மீதி ஐந்து மாதமும் உன் அப்பா வைத்துவிட்டுப்போன முதலிலிருந்து கொடுக்கிறாய். லாபம் பேரேட்டில்தான் இருக்கிறது, பெட்டியில் இல்லை” என்றார்.

நயமாகப் பேசி வசூலித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் கடன் கிடையாது என்று வைத்தேன். கடை நின்றது. 2007இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது, கணினியும் வந்தது. இன்றும் அந்த இரண்டு கணக்கையும் நானே பார்த்த பிறகுதான் விளக்கை அணைக்கிறேன். பதினோரு இரவுக்குக் கூலி கொடுக்கப் போனபோது, “படித்த பையனிடம் வாங்க மாட்டேன்” என்று மறுத்துவிட்டார்.

மகன் சொன்னது

சாரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இந்தக் கதையைப் பெருமையாக அவர் மகனிடம் சொன்னேன். அவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, அந்த மார்ச்சில்தான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். கணக்கில் சந்தேகம் கேட்க விழித்துக்கொண்டிருப்பேன். அப்பா பதினொன்றரைக்கு மேல்தான் வருவார். நான் தூங்கிப்போயிருப்பேன். கணக்கில் தேறவில்லை. கணக்கு சார் மகன் கணக்கில் ஃபெயில் என்று ஊரே சிரித்தது.”

எனக்குத் தலை நிமிரவில்லை. 35 ஆண்டுகளில் சார் இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

மகனே தொடர்ந்தார்: “கோபம் இருந்தது, அண்ணாச்சி. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுதேர்வு வரை தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, காபி போட்டுக் கொடுத்து, அப்பாவே சொல்லிக்கொடுத்தார். ‘இது என் பற்றில் நிற்கிற கடன், நான்தான் தீர்க்க வேண்டும்’ என்றார். ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை. அந்த ஆறு மாதம்தான் அப்பா எனக்கே எனக்கென்று கிடைத்தார்.” அந்த முறை தேறிவிட்டாராம்.

அன்று இரவு கடைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பேரேட்டில் அந்தப் பதினோரு இரவுகள் வரவாக நிற்கின்றன. அதைக் கொடுத்தவர் சார் மட்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பாதியைக் கொடுத்தது பதினைந்து வயதுப் பையன்.

அந்தக் கடனைப் பணமாகத் தீர்க்க முடியாது. ஒன்று மட்டும் செய்கிறேன். என் கடையில் கணக்கு எழுதுகிறவர்கள் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால், மார்ச் மாதம் மாலை ஆறு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மீதி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நம் உறுப்பினர்களும் தங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் தெரியும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.