நிறுத்தப்பட்ட பஸ்ஸின் செலவு

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவுக்குத் தென்புறம், கிளேட்டன் என்றொரு கவுண்டி இருக்கிறது. நிர்வாக அந்தஸ்தில் அது நம்முடைய ஜில்லாவைப் போன்றது; பரப்பளவிலோ ஒரு தாலுகாவுக்குள் அடங்கிவிடும். உலகத்திலேயே மிக அதிகமான பிரயாணிகள் வந்து போகிறதாகப் பெயர்பெற்ற அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும்பகுதி இந்தக் கவுண்டியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. இரவு பகல் என்ற பேதமின்றி ஆகாய விமானங்கள் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கிற இந்தப் பிரதேசத்தில், 2010-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு, கவுண்டிக்குள் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்த டவுன் பஸ்கள் அத்தனையும் நின்றுபோயின. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் ஓர் இடம், உள்ளூர் பஸ் என்பதே இல்லாமல் ஐந்து வருஷகாலம் கிடந்தது.

இந்த விஷயத்தின் வேர் 1971-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. அட்லாண்டா நகரத்துக்கும் சுற்றுப்புறங்களுக்கும் சேர்த்து ரயிலும் பஸ்ஸும் நடத்துவதற்காக அமைந்த மார்ட்டா என்ற ஸ்தாபனத்தில் சேர்வதா, அதற்கென ஒரு விற்பனை வரியைக் கொடுப்பதா என்று அவ்வருஷம் கவுண்டி கவுண்டியாக ஓட்டெடுப்பு நடந்தபோது, ஃபுல்டனும் டிகால்பும் சம்மதித்தன. கிளேட்டனும் குவினெட்டும் மறுத்துவிட்டன. அன்றைய கிளேட்டன் பெரும்பாலும் வெள்ளையர் வாசம் செய்த புறநகரம். நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏறித் தங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்களோ என்ற அச்சம் அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்தது என்பதை அந்நாட்டுச் சரித்திராசிரியர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். காலம் அந்த வேலிக்குக் கட்டுப்படவில்லை. முப்பது வருஷத்துக்குள் வெள்ளையர் இன்னும் தூரத்துக்குப் போய்விட, கறுப்பினக் குடும்பங்களும், பிற தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும், நகரத்தின் வாடகையைத் தாங்க மாட்டாத ஏழைகளும் கிளேட்டனில் நிறைந்தார்கள். கார் வைத்திருப்பவர்களுக்காகத் திட்டமிடப்பட்ட ஊர், கார் வாங்க வகையில்லாதவர்களின் ஊராக மாறிற்று.

இவர்களுக்காகத்தான் 2001-ல் சி-டிரான் என்ற பெயரில் கவுண்டி தன் சொந்தப் பஸ்களை ஓட்டத் தொடங்கிற்று. முடிவுகாலத்தில் அவை ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது லட்சம் பிரயாணங்களுக்குப் பயன்பட்டன. விமான நிலையத்தில் மூட்டை சுமப்பவர்களும், துப்புரவு செய்பவர்களும், மாரோ நகரத்துக் கலாசாலையில் படிக்கும் பிள்ளைகளும், ரிவர்டேலில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வயோதிகர்களும் அந்த இருபது லட்சத்தில் அடக்கம்.

இவ்வளவு பேர் ஏறிய பஸ்ஸை ஏன் நிறுத்த வேண்டும் என்று வாசகர் கேட்பது நியாயமே. டிக்கெட் பணத்தைக் கொண்டு மட்டும் டவுன் பஸ் நடத்திவிட எந்த அமெரிக்கப் புறநகரத்தாலும் முடியாது. மிச்சத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். மத்திய சர்க்கார் புதுப் பஸ் வாங்கத் தாராளமாகப் பணம் தரும். ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரப் பகுதிகளில், அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற டிரைவரின் சம்பளத்துக்கும் எண்ணெய்க்கும் அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாதென்பது அக்காலத்து விதி. மாநில சர்க்காரோ, பெட்ரோல் வரியில் வரும் வருமானம் சாலைக்கும் பாலத்துக்கும்தான் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. குதிரை வாங்கித் தருபவர் புல்லுக்குத் தரமாட்டார் என்ற கதைதான். ஆகவே புல்லுக்கான பாரம் கவுண்டியின் பொக்கிஷத்தின்மேல் விழுந்தது. 2008-ல் வீட்டுக் கடன் சரிவு வந்து, வீடுகள் வரிசையாக ஜப்தியாகி, சொத்து வரியும் விற்பனை வரியும் ஒருசேரக் குறைந்தபோது, கவுண்டியின் கமிஷனர்கள் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தார்கள். பஸ் இலாகாவின் மேல் அவர்கள் கண் விழுந்தது. 2009-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் தீர்மானம் நிறைவேறிற்று.

அந்தத் தீர்மானத்தால் கவுண்டிக்கு ஒரு தொகை மிச்சம் என்று கணக்கில் ஏறியிருக்கும். மிச்சம் என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. செலவு ஒழியவில்லை, கணக்கு எழுதத் தெரியாதவர்களின், அல்லது எழுத நேரமில்லாதவர்களின் தலைக்கு மாறிற்று, அவ்வளவே. விடியற்காலை நாலு மணி ஷிப்டுக்குப் போக வேண்டிய ஒருத்திக்கு இருந்த வழிகளைப் பாருங்கள்: டாக்ஸிக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பெரும்பங்கு போய்விடும், அண்டை வீட்டுக்காரரின் காரை நம்பினால் அவருக்கு ஜுரம் வந்த நாளில் இவளுக்கு வேலை போகும், தவணையில் பழைய கார் வாங்கினால் வட்டியும் இன்ஷூரன்ஸும் ரிப்பேரும் வீட்டு வாடகையோடு போட்டியிடும். நம் ஊர்களில் பஸ் வராவிட்டால் அந்த இடத்தை நிரப்ப ஷேர் ஆட்டோ வந்து நிற்கும்; அங்கே அப்படி எதுவும் வந்து நிற்பதில்லை. நடப்பதென்றாலும், கவுண்டியின் பிரதான வீதியான டாரா புலவார்டு, பக்கத்துக்கு மூன்று வரிசையாகக் கார்கள் பறக்கிற நெடுஞ்சாலை. நடைபாதை என்பதே இல்லாத இடங்கள் அதில் நீண்டு கிடந்தன. மார்கரெட் மிட்செல் தம் நாவலில் படைத்த பண்ணையின் பெயரை அந்தச் சாலைக்கு வைத்தார்களே தவிர, மனிதன் நடந்து போவான் என்ற நினைவோடு அதைப் போடவில்லை.

இன்னொன்று, பலருடைய கவனத்துக்கு எட்டாதது. அங்கஹீனர்களின் உரிமைக்காக 1990-ல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, டவுன் பஸ் நடத்துகிற எந்த ஸ்தாபனமும், அதில் ஏற முடியாதவர்களுக்காக, அந்தத் தடங்களிலிருந்து முக்கால் மைல் தூரத்துக்குள் தனி வண்டியும் அனுப்பியாக வேண்டும். கடமை பஸ்ஸைத் தொற்றிக்கொண்டிருப்பது. பஸ் இல்லையென்றால் கடமையும் இல்லை. ஆகவே கிளேட்டனில் பொது பஸ் நின்ற அன்றே, சக்கர நாற்காலியில் இருந்தவர்களை வைத்தியத்துக்கு அழைத்துச் சென்ற வண்டியும் சட்டப்பூர்வமாகவே நின்றுவிட்டது.

கிளேட்டனைப் போல் அடியோடு நிறுத்துவது அபூர்வம். பெரும்பாலான ஊர்களில் அரை மணிக்கொருமுறை வந்த பஸ்ஸை ஒரு மணிக்கொருமுறை ஆக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ரத்து செய்வார்கள். கடைசி வண்டியை ஒன்பது மணியோடு முடித்துக்கொள்வார்கள். அட்லாண்டாவின் மார்ட்டாவே அந்த 2010-ல் பல தடங்களை வெட்டிற்று. பாதி வண்டியைக் குறைத்தால் பாதி சௌகரியம் எஞ்சும் என்று மேஜைக்கு முன்னால் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியவர், முதல் பஸ் ஐந்து நிமிஷம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், முன்பு அரை மணி காத்திருந்தார், இப்போது ஒரு மணி காத்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டியவர் ஆறு மணிக்கே புறப்பட்டாக வேண்டும். முடிந்தவர்கள் எப்படியோ கார் வாங்கிக்கொண்டு விலகுவார்கள். டிக்கெட் வசூல் குறையும். வசூல் குறைந்ததையே காரணம் காட்டி அடுத்த வருஷம் மறுபடியும் வெட்டுவார்கள். பஸ்ஸில் ஆள் இல்லை என்ற குற்றச்சாட்டைக் கேட்கிறபோதெல்லாம், ஆள் இல்லாமற்போனது முந்தியா, பஸ் இல்லாமற்போனது முந்தியா என்று விசாரிப்பது நல்லது.

கிளேட்டனில் கதை அத்துடன் முடியவில்லை. 2012-ல் அட்லாண்டா வட்டாரம் முழுவதற்கும் போக்குவரத்துக்காக ஒரு விற்பனை வரி போடலாமென்று கேட்டபோது ஜனங்கள் நிராகரித்துவிட்டார்கள். அதற்கு இரண்டே வருஷம் கழித்து, மாநில சட்டசபையின் விசேஷ அனுமதி பெற்று, மார்ட்டாவில் சேர்வதற்காக டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் வரி கொடுக்கிறீர்களா என்று கிளேட்டன் வாசிகளை மட்டும் தனியே கேட்டபோது, நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கொடுக்கிறோம் என்றார்கள். 1971-ல் மறுத்த அதே கவுண்டி, வறுமை மிகுந்த நிலையில், தனக்குத் தானே வரி போட்டுக்கொள்ள முன்வந்ததைச் சாமானிய நிகழ்ச்சியாக நான் கருதவில்லை. 2015 மார்ச் மாதம் மார்ட்டாவின் பஸ்கள் கிளேட்டன் தெருக்களில் ஓடத் தொடங்கின.

அந்த ஒரு சென்ட்டில் பாதி பஸ்ஸுக்கு. மற்றப் பாதி, கவுண்டிக்குள் ஒரு ரயில் விடுவது போன்ற பெரிய திட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. தண்டவாளமோ சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம். வருஷக்கணக்காகப் பேசியும் அந்தக் கம்பெனியோடு உடன்பாடு ஏற்படவில்லை. கடைசியில் ரயிலைக் கைவிட்டு, தனித்தடத்தில் செல்லும் துரித பஸ் போதும் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். அரை சென்ட்டை மட்டும் கடைக்காரர்கள் 2015 முதற்கொண்டே தவறாமல் வசூலித்து வந்திருக்கிறார்கள்.