மலைக்குப் போறீங்களா? ஷூவைப் படி இறங்கிப் பார்த்து வாங்குங்க!

நெடுங்காட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் சமதளம்தான். அந்த நடைக்குச் சரியா இருக்கும் ஷூ, மலைக்கும் சரிப்படும்னு நினைச்சுடாதீங்க. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கும். விரல்கள் ஷூ நுனியில் இடித்து, நகம் கறுத்துப்போகும்.

அதனால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் கடைக்குப் போங்க. மலைக்குப் போடும் சாக்ஸோடு, லேஸை இறுக்கிக் கட்டி, படி இறங்கிப் பாருங்க. நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி வேணும்; குதிகால் மேலே தூக்கக் கூடாது. வாங்கியதும் ஊருக்குள்ளேயே சில நாள் நடந்து பழக்குங்க.

பரணில் கிடக்கும் பழைய ஷூவா? பாலியூரித்தேன் சோல், கடலோர ஈரப்பதத்தில் சும்மா கிடந்தாலே சில வருடங்களில் உதிரலாம். கிளம்பும் முன்பே வளைத்துப் பார்த்துடுங்க!