அறுபது கண்ணி ஓப்பனிங் பேலன்ஸ்!

ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். போட்டிருக்கிற பனியனின் ஓரத்தைக் கண்ணுக்கு அருகில் இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டியாய் ஆங்கில ‘வி’ எழுத்துகள். உட்பக்கம் வளைவு வளைவாய் மேடுகள். அது நெசவு இல்லை சார், பின்னல்! நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துக் கோத்தது. பாட்டிமார்கள் ஸ்வெட்டர் பின்னுகிற அதே வித்தையைத் திருப்பூரில் மெஷின் செய்கிறது. ஆக, ‘நிட்டிங்கா? அது பொம்பளைங்க சமாசாரமாச்சே’ என்று சிரிக்கிற ஆசாமியும் சட்டைக்குள்ளே அதைத்தான் மாட்டிக் கொண்டு சிரிக்கிறார்.

பின்னல் மெஷினை 1589-ல் உருவாக்கிய வில்லியம் லீ ஓர் இங்கிலாந்துப் பாதிரியார். அவ்வளவு தூரம் போவானேன்? டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப் போனதே, அதுதான்) டைவிங்கில் தங்கம் வாங்கிய டாம் டேலி, காலரியில் உட்கார்ந்து சாவதானமாகப் பின்னிக் கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. மெடலில் கீறல் விழக் கூடாதென்று அதற்கும் ஒரு பை பின்னி வைத்திருந்தார் மனுஷன்!

நான் ஊசி பிடித்தது ஒலிம்பிக்ஸால் அல்ல. குன்னூரில் வாக்கப்பட்ட என் அக்காவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே பிரசவமாகி விட்டது. டிசம்பர் குளிர். குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. ‘தலை வழியா சூடு போயிடும், தொப்பியைக் கழட்டாதீங்க’ என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி விட்டார். கடையில் வாங்கிய தொப்பியோ மூக்கு வரை இறங்கியது.

‘‘டேய், நீ தாய்மாமன். சங்கிலி, கொலுசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல தலைக்கு ஒரு வழி பண்ணு’’ என்றாள் அக்கா போனில். குரல் கம்மியிருந்தது.

கோவையில் எங்கள் பக்கத்து வீடு ரிடயர்ட் தையல் டீச்சருடையது. ஓடினேன்.

‘‘டீச்சர், நீங்களே ஒண்ணு பின்னிக் குடுத்துடுங்களேன்...’’

‘‘கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகுது தம்பி. வாய் என்னுது, கை உன்னுது. உட்காரு.’’

எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, அதாவது 4 மில்லிமீட்டர் கனம். பெட்டியில் ‘போனி’ என்றிருந்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் தயாராவது. பி.காம். ஆசாமிகளுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியாமல் இருக்காது. கம்பெனி சட்டப் பாடத்தில் வருமே, 1981 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு... அதேதான்!

ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றுவதற்குப் பெயர் ‘காஸ்ட் ஆன்’. நம்ம பாஷையில் ஓப்பனிங் பேலன்ஸ். அது தப்பினால் வருஷக் கடைசி வரை டேலி ஆகாது. (டாம் டேலி வேறு, இது வேறு.)

ஆரம்பம் ஒரு சுருக்கு முடிச்சு. அதை ஊசியில் மாட்டினால் அதுவே கண்ணி நம்பர் ஒன்று. அதற்கப்புறம்தான் பல கட்சிகள். ரொம்ப சுலபமானது கட்டை விரல் முறை. நூலை விரலில் ஒரு சுற்று சுற்றி, அடியிலிருந்து ஊசியை விட்டு, விரலை உருவினால் கண்ணி. ஐந்தே நிமிஷத்தில் அறுபதும் ஏறி விடும். வினை அடுத்த வரிசையில்! பின்னப் பின்ன இரண்டு ஊசிக்கும் நடுவிலுள்ள நூல் நீண்டுகொண்டே போய், துணி காயப் போடுகிற கொடி மாதிரி தொங்கும். ‘‘நடுவுல நாலு கண்ணி கூட்டணும்னா அதை வெச்சுக்கோ. ஆரம்பத்துக்கு வேண்டாம்’’ என்றார் டீச்சர். இரண்டு ஊசியால் ஏற்றுகிற முறையும் உண்டு. கண்ணிக்குள் வலது ஊசியை விட்டு நூலை இழுத்து, வருகிற வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டுவது. கூடவே பின்னலும் பழகி விடும், நேரம்தான் பிடிக்கும்.

தொப்பிக்கு டீச்சர் சிபாரிசு ‘லாங் டெயில்’, நீள வால். நூல் நுனியில் வால் விட்டு முடிச்சுப் போட வேண்டும். வால் இடது கட்டை விரல் மேல், உருண்டையிலிருந்து வருகிற நூல் ஆள்காட்டி விரல் மேல், மிச்சம் மூன்று விரலும் இரண்டையும் உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்க, மாங்காய் அடிக்கிற கவட்டை மாதிரி ஆகும். இப்போது ஊசி, கட்டை விரலின் வெளிநூலுக்கு அடியில் நுழைந்து மேலே வந்து, ஆள்காட்டி விரல் நூலைக் கொத்திக் கொண்டு, வந்த வழியே கட்டை விரல் வளையத்துக்குள் திரும்ப வேண்டும். கட்டை விரலை உருவி வாலை மெதுவாக இழுத்தால் கண்ணி ரெடி. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு நூலும் செலவாகிறது. சுத்தமான டபுள் என்ட்ரி!

வாலுக்கு எவ்வளவு விடுவது? ஊசியில் பத்துச் சுற்று சுற்றி, உருவி அளந்து, அறுபது கண்ணிக்கு அதைப் போல ஆறு மடங்கு. மேலே ஒரு முழம் தாராளமாக. ஐம்பத்தேழாவது கண்ணியில் வால் தீர்ந்தால் மொத்தமும் உருவ வேண்டியதுதான். பேங்க்கில் ஓவர்டிராஃப்ட் கிடைக்கும், இங்கே கிடைக்காது.

‘‘இறுக்காதே தம்பி. பச்சைக் குழந்தை தலை. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல மூச்சு விட இடம் குடு.’’

‘‘ரெண்டு ஊசியைச் சேத்து வெச்சு ஏத்தினா லூஸா வரும்கறாங்களே டீச்சர்?’’

‘‘வளையம்தான் பெருசாகும். அடி ஓரம் அப்படியே விறைச்சு நிக்கும். இடைவெளிதான் கணக்கு.’’

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஏற்றி முடித்ததும் ஓரத்தைக் கையால் இழுத்துப் பார்த்தாலே தெரிந்து விடும். ரப்பர் மாதிரி கொடுக்க வேண்டும். இருபது கண்ணிக்கு ஒரு தரம் கலர் நூல் அடையாளம் மாட்டினால் எண்ணிக்கை தப்பாது.

அப்புறம் போக வர ஒரே பின்னல். மூன்று ராத்திரி. 13 சென்டிமீட்டர் வந்ததும் நூலை வெட்டி, எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்துச் சுருக்கி, பக்கத்தைத் தைத்து, டீச்சர் சொன்னபடி அலசிக் காயப் போட்டு, விடிகாலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர்.

தொப்பி புருவத்துக்கு மேலே நின்றது. காது இரண்டும் உள்ளே. அக்காவின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த மருமகன் ஒரு கொட்டாவி விட்டான். நர்ஸம்மா தொப்பியின் ஓரத்தை விரலால் இழுத்து விட்டுப் பார்த்து, ‘‘ம், இது இருக்கட்டும்’’ என்றார்.

அக்கா வீட்டுக்காரர் தன் வழுக்கையைத் தடவியபடி, ‘‘எனக்கு எத்தனை கண்ணி ஆகும் மாப்ளே?’’ என்றார்.

நூற்றுப்பத்து. வாலுக்கு நூல் அளந்து கொண்டிருக்கிறேன்.